வூடி ஹேய்ஸ்: வெற்றியும் வெகுளியும்

அயற்கல்லூரிகள் இரண்டு ஆண்டுக்கொரு முறை ஆடுகளத்திற் சந்திக்கும் நாளை, கல்லூரி வாழ்வு வாழ்ந்தோர் எவரும் மறவார். வகுப்பறையிற் கற்றவை பல மறந்தொழிந்த பின்னரும், தாம் மாணவராயிருந்த காலத்தில் வென்ற ஆட்டமும் தோற்ற ஆட்டமும் முதுமையிலும் நெஞ்சைவிட்டு நீங்குவதில்லை. அத்தகைய போட்டியொன்றினையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு, அதனாற் பெரும் புகழெய்தி, ஈற்றில் தம் சினத்தை அடக்கமாட்டாமையாற் பதவி இழந்த ஓர் ஆசிரியரின் வரலாற்றினை இம்மலரில் எழுதப் புகுந்தோம். அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த வெய்ன் உட்றோ ஹேய்ஸ் என்பவர். வூடி ஹேய்ஸ் என்னும் பெயராலேயே அந்நாட்டு மக்கள் அவரை அறிவர்.

அவர் வரலாற்றை அறிய முன், இரு மாநிலங்களின் பழைய பகையைச் சிறிது அறிதல் வேண்டும். ஒகாயோவும் மிச்சிகனும் தெற்கு வடக்காக அடுத்தடுத்துக் கிடக்கும் மாநிலங்கள். ஒகாயோ 1803ஆம் ஆண்டிலேயே ஒன்றியத்திற் சேர்ந்துவிட்டது. மிச்சிகன் சேர முயன்ற காலத்தில், தொலீடோ நகரையும் அதனைச் சூழ்ந்த நிலத்தையும் இரு பகுதியாரும் உரிமை கோரினர். 1835ஆம் ஆண்டில் இருபுறத்தாரும் படை திரட்டி எல்லையில் நின்றனர். உயிர்ச்சேதம் எதுவும் நேரவில்லை. தொலீடோ ஒகாயோவுக்கே உரியதாயிற்று. அதற்கு ஈடாக வடபுறத்துக் காட்டு நிலப்பரப்பொன்றைப் பெற்றுக்கொண்டு மிச்சிகன் 1837இல் மாநிலமாயிற்று. படைகள் கலைந்தன, ஆயின் பகையுணர்ச்சி கலையவில்லை. பிற்காலத்தில் அது ஆடுகளத்துக்கு இடம் மாறியது எனலாம்.

மிச்சிகன் சர்வகலாசாலை ஆன் ஆர்பர் நகரில் உள்ளது. ஒகாயோ அரசினர் சர்வகலாசாலை கொலம்பஸ் நகரில் உள்ளது. இவ்விரு சர்வகலாசாலைகளின் அணிகளும் முதன்முதலாக 1897ஆம் ஆண்டில் உதைபந்தாட்டத்திற் சந்தித்தன. அன்று மிச்சிகன் 34 புள்ளிகள் பெற, ஒகாயோ ஒரு புள்ளிதானும் பெறவில்லை. மிச்சிகனை ஒகாயோ முதன்முறை வென்றது 1919இலேதான். 1935ஆம் ஆண்டு தொடக்கம் பருவத்தின் இறுதி ஆட்டமாக இப்போட்டியை வைத்துக்கொள்ளும் வழக்கம் நிலைத்தது. ஓராண்டு முழுவதும் வென்ற வெற்றிகளை அந்த ஒரு நாட் தோல்வி வீணாக்கிவிடும். முழுப் பருவமும் தோற்றவர் அந்த ஒரு நாள் வென்றால் தலைநிமிர்ந்து நடப்பர்.

இங்கே ஒன்று விளக்கவேண்டும். அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று வழங்குவது, நாம் அப்பெயரால் அறிந்த ஆட்டமன்று. அது றகர் ஆட்டத்தின் வழிவந்தது. பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், ஒருவர்க்கொருவர் எறிந்தும் முன்னேறுவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரம் முன்னேறாவிடின் பந்து எதிரணியைச் சேரும். இலக்குக் கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளிகள். அதன்மேற் பந்தை உதைத்து ஒரு புள்ளியோ, மீண்டுமொரு முறை கோட்டைக் கடந்து இரண்டு புள்ளிகளோ பெறலாம். இச்சிறு விளக்கம் பின்வரும் செய்திகளுக்குப் போதுமானது.

ஹேய்ஸ் 1913ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆந் திகதி ஒகாயோ மாநிலத்தின் கிளிப்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். மூன்று பிள்ளைகளுள் இவரே இளையவர். தந்தையார் பாடசாலைகளை மேற்பார்வை செய்யும் பதவியில் இருந்தவர். நியூகமர்ஸ்ரவுன் என்னும் ஊரிற் குடும்பம் வாழ்ந்தது. புத்தகங்களுக்கும் விளையாட்டுக்கும் சம இடமளித்த அவ்வில்லத்தில் வளர்ந்த மகன், டெனிசன் சர்வகலாசாலையில் ஆங்கிலமும் வரலாறும் பயின்று 1935இற் பட்டம் பெற்றார். பின்னர் உயர்தரப் பாடசாலைகளில் ஆசிரியராகவும் ஆட்டப் பயிற்றுநராகவும் பணியாற்றினார். வரலாற்று நூல்களை, சிறப்பாகப் போர் வரலாறுகளை, வாழ்நாள் முழுதும் விடாது படித்தவர் அவர்.

1941ஆம் ஆண்டில், அமெரிக்கா உலகப் போரில் இறங்குமுன்னரே, கடற்படையிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டில் ஆன் என்னும் நங்கையாரை மணந்தார். போர்க்காலத்தில் ஒரு சிறிய காவற் கப்பலுக்கும், பின்னர் றைன்ஹார்ட் என்னும் துணைப் போர்க்கப்பலுக்கும் தலைவராயிருந்தார். கட்டளையிடுதலும் கட்டளைக்குப் பணிதலும் அவர் இயல்பில் ஆழ வேரூன்றியது அக்காலத்திலேதான்.

போர் முடிந்ததும், தாம் பயின்ற டெனிசன் சர்வகலாசாலையே அவரைப் பயிற்றுநராக அழைத்தது. அங்கு 1947, 1948 ஆகிய ஈராண்டுகளும் அவர் அணி தோல்வியே காணவில்லை. 1949இல் ஒகாயோ மாநிலத்திலுள்ள மயாமி சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கே அவரிடம் ஆடப் பயின்ற இளைஞருள் ஷெம்பெக்லர் என்பவர் ஒருவர். பார்பர்ட்டன் என்னும் ஒகாயோ நகரில் 1929ஆம் ஆண்டு பிறந்தவர். அந்த மாணவரின் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. ஹேய்ஸின் வரலாற்றின் பிற்பாதி முழுவதும் அவரோடு பின்னிக் கிடக்கின்றது.

1950ஆம் ஆண்டு நவம்பர் 25ஆந் திகதி கொலம்பஸ் நகரிற் கடும் பனிப்புயல் வீசியது. ஆடுகளத்தின் கோடுகள் கண்ணுக்குப் புலப்படவில்லை. அந்நிலையிலும் ஒகாயோவும் மிச்சிகனும் ஆடின. நான்கு முயற்சிகளிற் பத்து யார் முன்னேறுவது என்பதை மிச்சிகன் அணி அன்று ஒரு தடவையேனும் செய்யவில்லை. அவ்வாறிருந்தும் 9 - 3 என்ற கணக்கில் அவ்வணியே வென்றது. ஒகாயோவின் பயிற்றுநர் சிறிது காலத்திற் பதவி துறந்தார். மிச்சிகனிடம் தோற்ற பயிற்றுநர்க்குக் கொலம்பஸ் நகரில் நெடுநாள் இடமிருப்பதில்லை. அந்தப் பதவிக்கு 1951ஆம் ஆண்டில், தம் முப்பத்தெட்டாம் வயதில், ஹேய்ஸ் தெரிவுசெய்யப்பட்டார்.

முதலாம் ஆண்டு மிச்சிகனிடம் அவரும் தோற்றார். இரண்டாம் ஆண்டு 27 - 7 என்று வென்றார். ஒகாயோ மிச்சிகனை வென்றது 1944இன் பின்னர் அதுவே முதற்றடவை. 1954ஆம் ஆண்டு ஆட்டம் அவருடைய நிலையை உறுதிப்படுத்தியது. இரு பக்கமும் ஏழு புள்ளிகளோடு சமமாக நின்றவேளை, மிச்சிகன் அணி ஒகாயோவின் இலக்குக் கோட்டுக்கு அருகே வந்துவிட்டது. கோட்டைக் கடக்கவிடாது தடுத்த ஒகாயோ வீரர், அங்கிருந்து களம் முழுவதையும் அடியடியாகக் கடந்து சென்று புள்ளி பெற்றனர். 21 - 7 என்று வென்ற அவ்வணி அவ்வாண்டில் நாட்டின் முதன்மை அணிகளுள் ஒன்றாகப் போற்றப்பட்டது.

அவருடைய ஆட்டமுறை எளிமையானது. பந்தை எறிவதை அவர் விரும்பவில்லை. வலிமைமிக்க வீரரைக்கொண்டு, தூசி பறக்க, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு யார் தூரம் முன்னேறுதலே அவர் வழி. பார்வையாளர்க்கு அதிற் கவர்ச்சி குறைவாயிருக்கலாம். ஆயின், பிழை செய்யாதவன் தோற்கமாட்டான் என்பது அவர் கொள்கை. வீரர் ஒரே செயலை நூறு முறை செய்து பழகவேண்டுமென்று அவர் வற்புறுத்துவார்.

ஆட்டத்துக்கு வெளியே அவர் முற்றிலும் ஓர் ஆசிரியர். தம் அணியிற் சேரும் புதுமாணவர்க்குத் தாமே ஆங்கிலச் சொற்பொருள் கற்பித்தார். பட்டம் பெறாது இடையிற் போனவர்களை விடாது தொடர்ந்து, திரும்பி வந்து படிப்பை முடிக்கும்படி நெருக்கினார். தமக்கு அளிக்கவந்த சம்பள உயர்வுகளை மறுத்து, அவற்றைத் தம் உதவியாளர்க்குக் கொடுக்குமாறு கேட்டார். வைத்தியசாலைகளுக்குச் சென்று நோயாளரைக் கண்டு ஆறுதல் கூறுவார். அச்செய்தி பத்திரிகைகளில் வரலாகாதென்பதிற் கண்டிப்பாக இருந்தார். வியட்நாம் போர்க்காலத்திற் பலமுறை அங்கு சென்று படைவீரரைச் சந்தித்தார். நாடு திரும்பியதும் அவர்களுடைய பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து மைந்தரின் நலங்கூறினார்.

1961ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு சம்பவம் அவர் பண்பைக் காட்டுவது. அவ்வாண்டில் மிச்சிகனை 50 - 20 என்று வென்ற ஒகாயோ அணிக்கு, கலிபோர்னியாவில் நடைபெறும் புகழ்வாய்ந்த றோஸ் பௌல் ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. விளையாட்டுக் கல்வியை விழுங்கிவிடுகின்றதென அஞ்சிய சர்வகலாசாலை ஆசிரியர் அவை, 28க்கு 25 என்ற வாக்குகளால் அணியை அனுப்ப மறுத்தது. மாணவர் வீதிகளில் இறங்கி ஆர்ப்பரித்தனர். ஹேய்ஸ் மனம் நொந்தார். எனினும், அத்தீர்ப்பு அளித்தோரின் நேர்மையைத் தாம் ஐயுறவில்லை என்பதை அறிவித்து, மாணவர் கொதிப்பு அடங்கத் துணைநின்றார். தம் சினத்தை அடக்கும் ஆற்றல் அவரிடம் அறவே இல்லாதிருக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

மிச்சிகன் என்ற பெயரையே அவர் வாயாற் சொல்வதில்லை. வடக்கேயுள்ள அந்தப் பள்ளிக்கூடம் என்றே குறிப்பிடுவார். ஒரு முறை மிச்சிகன் மாநிலத்தூடாக வரும்போது காரிற் பெற்றோல் தீரும் நிலையிலும், அம்மாநிலத்தார்க்கு ஒரு சதந்தானும் கொடுக்க மறுத்து, எல்லை கடந்த பின்னரே பெற்றோல் வாங்கினார் என்றொரு கதை ஒகாயோ மக்களிடையே வழங்குகின்றது. 1968ஆம் ஆண்டு மிச்சிகனுக்கு எதிராக 50 புள்ளிகள் பெற்று வெற்றி உறுதியான பின்னரும், உதைத்து ஒரு புள்ளி பெறுதலை விட்டு இரண்டு புள்ளிகளுக்கு முயன்றார். அம்முயற்சி பலிக்கவில்லை. 50 - 14 என்ற அத்தோல்வியை மிச்சிகன் மறக்கவில்லை.

அத்தோல்வியின் பின் மிச்சிகன் ஒரு புதிய பயிற்றுநரைத் தேடியது. கிடைத்தவர் ஷெம்பெக்லர். மயாமியில் ஹேய்ஸிடம் பயின்றவர். 1958 முதல் 1962 வரை கொலம்பஸில் அவருக்கு உதவியாளராக இருந்தவர். பின்னர் மயாமியிலே பயிற்றுநராயிருந்தவர். ஆசிரியரின் முறைகளையும் நுட்பங்களையும் கோபத்தையும் கூட அவரைப்போல் அறிந்தவர் பிறரில்லை. 1969ஆம் ஆண்டு நவம்பர் 22ஆந் திகதி, ஓரிலக்கத்துக்கு மேற்பட்ட மக்கள் நிறைந்த ஆன் ஆர்பர் அரங்கில் ஆசிரியரும் மாணவரும் எதிரெதிரே நின்றனர். ஒகாயோ அணி அதற்குமுன் 22 ஆட்டங்களைத் தொடர்ச்சியாக வென்றிருந்தது. நாட்டின் முதலாம் அணி என்று மதிக்கப்பட்டது. அது தோற்குமென எவரும் எண்ணவில்லை. ஆயின் ஒகாயோ எறிந்த பந்துகளுள் ஆறு மிச்சிகன் வீரர் கையில் அகப்பட்டன. முதற் பாதியிலேயே 24 - 12 என்ற நிலை ஏற்பட்டது. பிற்பாதியில் எவரும் புள்ளி பெறவில்லை. மாணவர் வென்றார்.

அத்தோல்வியை ஹேய்ஸ் ஆண்டு முழுவதும் சுமந்தார். அவ்வாட்டத்தின் புள்ளிகளைப் பொறித்த கம்பளமொன்று ஒகாயோ வீரர் நாடோறும் மிதித்துச் செல்லும் இடத்தில் விரிக்கப்பட்டது. 1970இல் இரு அணிகளும் தோல்வியறியாது வந்து சந்தித்தன. ஒகாயோ 20 - 9 என்று வென்றது. இவ்வாறு தொடங்கிய போராட்டம் பத்தாண்டுகள் நீடித்தது. அமெரிக்கர் அதனைப் பத்தாண்டுப் போர் என்றே அழைப்பர். இவ்விரு சர்வகலாசாலைகளும் அங்கம் வகித்த, பெரும் பத்து எனப்படும் சங்கத்தின் முதன்மை விருது அப்பத்தாண்டுகளிலும் இவ்விரண்டனுள் ஒன்றுக்கேனும் கிடைக்காமற் போகவில்லை. சில ஆண்டுகளில் இரண்டும் பகிர்ந்துகொண்டன. 1974, 1975 ஆகிய ஈராண்டுகளிலும் நாட்டின் தலைசிறந்த மாணவ வீரர்க்குரிய ஹெய்ஸ்மன் விருதைப் பெற்ற ஆர்ச்சி கிறிபின், ஹேய்ஸ் உருவாக்கிய வீரர். அவ்விருதை இருமுறை பெற்றவர் அவரொருவரே.

போராட்டத்தின் கடுமை இருவர் உடலையும் வருத்தியது. 1969ஆம் ஆண்டு ஆட்டத்தின் பின் றோஸ் பௌலுக்குச் சென்ற ஷெம்பெக்லர், அந்த ஆட்டத்தின் முன்னிரவிலேயே மாரடைப்புக்கு ஆளானார். 1974ஆம் ஆண்டு ஹேய்ஸுக்கும் மாரடைப்பு ஏற்பட்டது. இருவரும் மீண்டு களத்துக்கே திரும்பினர்.

1973ஆம் ஆண்டு ஆட்டம் தனியே குறிப்பிடத்தக்கது. தோல்வியறியாத இரு அணிகளும் ஆன் ஆர்பரில் 10 - 10 என்று சமநிலையில் முடித்தன. சங்கத்தினின்று ஓர் அணியே றோஸ் பௌலுக்குச் செல்லலாம் என்பது அக்கால விதி. பத்துச் சர்வகலாசாலைகளின் விளையாட்டுத் தலைவர்களும் வாக்களித்தனர். ஆறுக்கு நான்கு என்ற வாக்குகளால் ஒகாயோ தெரிவாயிற்று. மிச்சிகனின் முதன்மை எறிவீரர் அன்று தோளெலும்பு முறிந்தமையும் அதற்கொரு காரணமாகக் கூறப்பட்டது. ஒகாயோ சென்று 42 - 21 என்று வென்றது. ஒரு தோல்விதானும் காணாத மிச்சிகன் வீரர் வீட்டிலிருந்தனர். அந்த அநீதியை ஷெம்பெக்லர் இறுதிவரை மறக்கவில்லை. ஆனால் அவர் சினங்கொண்டது வாக்களித்தோர் மீதே.

இனி, எழுதுதற்கு விருப்பமற்ற பகுதிக்கு வருகின்றோம். புகழ் வளர வளர ஹேய்ஸின் கோபமும் வளர்ந்தது. 1971ஆம் ஆண்டு மிச்சிகனிடம் 10 - 7 என்று தோற்கும் வேளையில், மத்தியஸ்தரின் தீர்ப்பொன்றால் வெகுண்டு களத்தினுட் புகுந்து, எல்லையோரத்து அடையாளக் கம்பங்களைப் பிடுங்கி உடைத்தார். 1973ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு புகைப்படக்காரரின் கருவியை அவர் முகத்தின்மேற் தள்ளினார். 1977இல் ஆன் ஆர்பரிலே தொலைக்காட்சிப் படப்பிடிப்பாளர் ஒருவரைத் தாக்கினார். ஒவ்வொரு முறையும் கண்டனம் எழுந்தது. ஒவ்வொரு முறையும் வெற்றிகள் அவரைக் காத்தன. அவரை நேசித்தோர் அவருக்குச் செய்த பெருந்தீங்கு அதுவே என்று கூறவேண்டும். முதற் குற்றத்தின்போதே தடுத்து நிறுத்துவார் ஒருவர் இருந்திருப்பின், இறுதிக் குற்றம் நிகழாதிருந்திருக்கலாம்.

1976, 1977, 1978 ஆகிய மூன்றாண்டுகளும் மிச்சிகனே வென்றது. அம்மூன்று ஆட்டங்களிலும் ஒகாயோ அணி ஒரு முறையேனும் மிச்சிகனின் இலக்குக் கோட்டைக் கடக்கவில்லை. பத்தாண்டுப் போரில் மாணவர்க்கு ஐந்து வெற்றிகள், ஆசிரியர்க்கு நான்கு, சமநிலை ஒன்று. அம்மனத்துயரோடு 1978ஆம் ஆண்டு டிசெம்பர் 29ஆந் திகதி புளோரிடா மாநிலத்திற் கிளெம்சன் சர்வகலாசாலை அணியை எதிர்த்துக் கேற்றர் பௌல் ஆட்டத்திற் கலந்துகொண்டார். 17 - 15 என்று பின்தங்கியிருந்த ஒகாயோ, ஆட்டம் முடியுந் தறுவாயில் எறிந்த பந்தை எதிரணி மாணவரொருவர் பிடித்துக்கொண்டு எல்லைக்கோட்டருகே ஒகாயோவினரிடையே வந்து விழுந்தார். அறுபத்தைந்து வயதுடைய ஹேய்ஸ் அந்த இளைஞரைக் கையாற் குத்தினார். நாடெங்கும் மக்கள் தொலைக்காட்சியில் அதனைக் கண்டனர். மறுநாளே சர்வகலாசாலை அவரைப் பதவியினின்று நீக்கிற்று. இருபத்தெட்டு ஆண்டுகளில் ஒகாயோவுக்காக 205 ஆட்டங்களை வென்றவர், பதின்மூன்று முறை சங்கத்தின் முதன்மை விருதைப் பெற்றுக் கொடுத்தவர், ஒரு கணத்திற் பதவி இழந்தார். அத்தீர்ப்பு நியாயமானதே. மாணவனைக் காக்கவேண்டிய கை மாணவன்மீது ஓங்கப்படலாகாது. அவன் எவ்வணியைச் சேர்ந்தவனாயினும் ஆகுக.

ஆயினும் அவர் வாழ்வு அத்துடன் முடிந்துவிடவில்லை என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு. சர்வகலாசாலை அவருக்கு வளாகத்தில் ஓர் அறை கொடுத்தது. அங்கிருந்து பழைய மாணவர்க்கு உதவுதலும், ஊர்தோறும் சென்று பேசுதலும், நோயாளரைக் காணுதலுமாகக் காலங் கழித்தார். தாம் பிறரிடம் பெற்ற நன்மையை அவர்களுக்கே திருப்பிச் செலுத்துதல் பெரும்பாலும் இயலாது. அதனை அடுத்து வருவோர்க்குச் செய்தலே கடமை என்பது அவர் போதனை. 1986ஆம் ஆண்டு, அவரை நீக்கிய அதே சர்வகலாசாலை, கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்து, பட்டமளிப்பு விழாப் பேருரையாற்ற அவரை அழைத்தது. அவ்வுரையிலும் இக்கருத்தையே மாணவர்க்கு வலியுறுத்தினார்.

தம்மை வென்ற மாணவர்மீது அவர் பகை கொண்டாரல்லர். நோய்வாய்ப்பட்டுத் தளர்ந்த நிலையிலும், இறப்பதற்குச் சற்று முன்னர், ஒகாயோவின் டேற்றன் நகரில் ஷெம்பெக்லர் பேசவிருந்த கூட்டமொன்றுக்கு, பிறர் தடுத்தும் கேளாது, பயணஞ் செய்து சென்று, அவையோர்க்கு அவரை அறிமுகஞ் செய்துவைத்தார். மிச்சிகன் என்னும் பெயரை உச்சரிக்க மறுத்த அம்முதியவர், மிச்சிகனின் பயிற்றுநரைத் தம் மாணவர் என்று பெருமையோடு அவைமுன் நிறுத்தியது எண்ணி மகிழத்தக்கது. 1987ஆம் ஆண்டு மார்ச் 12ஆந் திகதி ஹேய்ஸ் காலமானார். முன்னாள் ஜனாதிபதி றிச்சார்ட் நிக்ஸன் இரங்கலுரை ஆற்றினார். அவர் வெற்றிகளைக் கண்ட அரங்கிலே ஆயிரக்கணக்கானோர் கூடி அஞ்சலி செலுத்தினர். ஷெம்பெக்லர் 2006ஆம் ஆண்டு நவம்பர் 17ஆந் திகதி, ஒகாயோவும் மிச்சிகனும் நாட்டின் முதலிரு அணிகளாக மோதவிருந்த நாளுக்கு முந்திய நாளில் மறைந்தார்.

பழைய மாணவராகிய நமக்கு இவ்வரலாறு கூறுவது யாது? எதிரணி இன்றேல் நம் அணிக்குப் பெருமையில்லை. நம்மை முழு ஆற்றலோடு எதிர்ப்பவனே நம் ஆற்றலை நமக்குக் காட்டுகின்றான். ஹேய்ஸைப் பெரியவராக்கியது மிச்சிகன். ஷெம்பெக்லரைப் பெரியவராக்கியவர் ஹேய்ஸ். இருபத்தெட்டு முறை மிச்சிகனைச் சந்தித்து, பதினாறு முறை வென்று, பதினொரு முறை தோற்று, ஒரு முறை சமநிலை கண்டவர் ஹேய்ஸ். அவரை வீழ்த்தியது அத்தோல்விகளுள் எதுவுமன்று. அவர் அகத்திருந்த சினமே. அதனையும் கடந்து அவரை மக்கள் இன்று நினைவுகூர்வது, அவர் வளர்த்த மாணவரின் வாழ்வினாலேயாம். ஆடுகளத்தில் இருபுறமும் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு ஆடக் கற்பிப்போர், வெல்லக் கற்பிப்பதோடு, தோற்ற கணத்திற் கையை அடக்கவும் கற்பிப்பாராக.